மாத்யூ அர்னால்டு என்ற பள்ளி இன்ஸ்பெக்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில இலக்கியம் படிப்பவர்களும் பி.எட். படிப்பவர்களும் மாத்யூ அர்னால்டைப் பற்றி என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் வருடா வருடம் ஒரே மாதிரிதான் வருகின்றன. இலக்கிய மாணவர்களுக்கு அவர் கவிஞர். என்ன வேலை பார்த்தார் என்று தெரியாது. பி.எட். மாணவர்களுக்கு அவர் இங்கிலாந்துக் கல்வி வரலாற்றில் வந்துபோகும் ஒரு பெயர். அவர் எழுதியதை ஒரு பக்கமும் படித்திருக்க மாட்டார்கள். இரு தரப்புக்கும் சேர்த்து ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

மாத்யூ அர்னால்டுன்னா ‘டோவர் பீச்’ எழுதின கவிஞர்தானே? இன்ஸ்பெக்டர் அர்னால்டுங்கிறது வேற ஆளா?

ஒரே ஆள்தான். 1822 டிசம்பர் 24-இல் தேம்ஸ் ஆற்றங்கரையில் லேல்ஹம் என்ற ஊரில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். 1851-இல், 28 வயதில், பள்ளி இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து 1886-இல் ஓய்வு பெற்றார். பாடத்தில் நாம் படிக்கும் அவருடைய விமர்சனக் கட்டுரைகளில் பெரும்பகுதி இந்த 35 வருடத்துக்குள் எழுதியவை.

1857 முதல் 1867 வரை ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பேராசிரியராகவும் இருந்தார். பெயரைப் பார்த்து முழுநேர வேலை என்று நினைத்துவிட வேண்டாம். வருடத்துக்குச் சில சொற்பொழிவுகள் நிகழ்த்தும் கௌரவப் பதவி அது. குடும்பத்துக்குச் சோறு போட்டது இன்ஸ்பெக்டர் வேலைதான்.

அவங்க அப்பா பெரிய ஹெட்மாஸ்டராமே. அந்தச் செல்வாக்குல கிடைச்ச வேலையா இது?

அப்பா தாமஸ் அர்னால்டு 1828 முதல் 1842-இல் இறக்கும் வரை ரக்பி பள்ளியின் தலைமையாசிரியர். இங்கிலாந்து முழுக்கத் தெரிந்த பெயர். ஆனால் மகனுக்கு வேலை கொடுத்தவர் லான்ஸ்டவுன் பிரபு. 1847 முதல் அவரிடம் மாத்யூ அந்தரங்கச் செயலாளராக இருந்தார். கல்வி விவகாரங்களைக் கவனித்த அரசுக் குழு லான்ஸ்டவுனின் பொறுப்பில் இருந்தது. அதனால் பரீட்சை எதுவும் எழுதாமல் நேரடியாக நியமனம் கிடைத்தது. ஆமாம், சிபாரிசுதான். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் அரசு வேலைகள் அப்படித்தான் நிரப்பப்பட்டன.

வேலை தேவைப்பட்டதற்குக் காரணம் கல்யாணம். நீதிபதி ஒருவரின் மகளான ஃப்ரான்சஸ் லூசியை மணக்க விரும்பினார். நிலையான வருமானம் இல்லாமல் அது நடக்காது. ஏப்ரலில் வேலை, ஜூனில் திருமணம். அக்டோபரில் மான்செஸ்டரிலிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தில், போகப் போகப் பள்ளிகளில் தனக்கு ஈடுபாடு வந்துவிடும் என்கிறார். அதாவது, சேர்ந்தபோது ஈடுபாடு இல்லை. அதை மறைக்கவும் இல்லை.

அந்தக் காலத்து இன்ஸ்பெக்டருக்கு என்ன வேலை? நம்ம டி.இ.ஓ. மாதிரியா?

முழுக்க அப்படி இல்லை. இங்கிலாந்தில் அப்போது அரசுப் பள்ளி என்றே ஒன்று கிடையாது. பள்ளிகளை நடத்தியவை மதச் சங்கங்கள். அரசு 1833-இல் முதன்முதலாக 20,000 பவுண்டு மானியம் கொடுத்தது. பணம் சரியாகச் செலவாகிறதா என்று பார்க்க 1839-இல் இன்ஸ்பெக்டர்களை நியமித்தது. ஆசிரியரை மாற்றவோ பாடத்திட்டம் போடவோ இன்ஸ்பெக்டருக்கு அதிகாரம் இல்லை. பார்ப்பார், விசாரிப்பார், அறிக்கை எழுதுவார். மானியம் தொடர்வது அந்த அறிக்கையைப் பொறுத்தது.

இன்னொரு பெரிய சுமை மாணவ ஆசிரியர்கள். 1846-இல் வந்த ஏற்பாடு இது. 13 வயதுப் பிள்ளைகள் ஐந்து வருடம் பள்ளியிலேயே பயிற்சி பெறுவார்கள், தங்களைவிடச் சிறியவர்களுக்குப் பாடமும் நடத்துவார்கள். அவர்களை வருடாவருடம் சோதிப்பது இன்ஸ்பெக்டரின் கடமை. அந்த விடைத்தாள்களைக் கட்டுக்கட்டாகத் திருத்திக்கொண்டே கவிதை எழுதியவர் அர்னால்டு. 1852 அறிக்கையிலேயே அவர்களைப் பற்றிக் கவலைப்படுகிறார். தகவல்கள் நிறையத் தெரிகின்றன, நல்ல எழுத்தை ரசிக்கும் பழக்கம் இல்லை என்பது அவர் கண்டது. நல்ல எழுத்தாளர்களின் பகுதிகளை மனப்பாடம் செய்ய வைக்கச் சொன்னார். இந்த மனப்பாடத்தையும், பின்னால் அவரே கடுமையாக எதிர்த்த இன்னொரு மனப்பாடத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது கீழே வருகிறது.

எல்லாப் பள்ளிக்கும் போவாரா? சர்ச் ஆஃப் இங்கிலாந்து பள்ளிகளைப் பார்க்கலைன்னு ஒரு புத்தகத்துல படிச்சேன்.

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். ஆங்கிலிக்கன் பள்ளிகளுக்கு, அதாவது சர்ச் ஆஃப் இங்கிலாந்து பள்ளிகளுக்கு, போகும் இன்ஸ்பெக்டர்களுக்குப் பேராயரின் ஒப்புதல் வேண்டும் என்று 1840-இல் உடன்பாடு ஏற்பட்டிருந்தது. நடைமுறையில் பாதிரியார்களே அந்த வேலைக்கு வந்தார்கள். அர்னால்டு பாதிரியார் இல்லை. அவருக்குக் கிடைத்தவை வெஸ்லியன் பள்ளிகள், பிரிட்டிஷ் பள்ளிகள் என்ற பிற புராட்டஸ்டன்ட் பிரிவினரின் பள்ளிகள். அவை எண்ணிக்கையில் குறைவு, தூரதூரமாகச் சிதறிக் கிடந்தன. அதனால் ஆரம்பத்தில் அவருடைய வட்டாரம் மத்திய இங்கிலாந்திலிருந்து வேல்ஸ் வரை விரிந்திருந்தது. 1870 கல்விச் சட்டத்துக்குப் பிறகு இந்த மதவாரிப் பிரிவினை போனது. அவர் வட்டாரமும் சுருங்கி லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதிக்கு வந்தது.

இலக்கிய மாணவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ‘கல்ச்சர் அண்ட் அனார்க்கி’ என்ற நூலில் அவர் விடாமல் விமர்சிக்கும் நடுத்தர வர்க்கத்து நான்கன்ஃபார்மிஸ்டுகள் (ஆங்கிலிக்கன் சபையில் சேராத புராட்டஸ்டன்டுகள்) அவருக்குக் கேள்விப்பட்ட ஆட்கள் இல்லை. பள்ளி நிர்வாகிகளாக அவரை வாசலில் வரவேற்றவர்கள் அவர்கள்தான்.

குடும்பத்தோட ஊர் ஊரா அலைஞ்சார்னு சொல்றாங்களே?

உண்மை. கல்யாணமான புதிதில் அவர்களுக்குச் சொந்த வீடு இல்லை. மனைவியும் கூடவே வாடகை அறைகளில் தங்கினார். ஓய்வு பெற்ற வருடம் வெஸ்ட்மின்ஸ்டர் ஆசிரியர்கள் அவருக்குப் பாராட்டு நடத்தினார்கள். அங்கே பேசும்போது, தன் பிள்ளைகளில் ஒன்று டார்பி நகரத்து வாடகை அறையில் பிறந்ததைச் சொன்னார். அந்த அறைக்குப் பின்பக்கம் ஏழைகள் விடுதி, முன்பக்கம் சிறை.

‘பேமென்ட் பை ரிசல்ட்ஸ்’னு பி.எட். பாடத்துல வருது. அதுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

அவர் பணிக்காலத்தின் பெரிய போராட்டமே அதுதான். 1862-இல் கல்விக் குழுவின் துணைத் தலைவராக இருந்த ராபர்ட் லோ ‘திருத்திய விதித்தொகுப்பு’ கொண்டுவந்தார். மானியச் செலவு ஏறிக்கொண்டே போவதாகப் புகார் இருந்தது. அதற்கு அவர் கண்ட வழி: பிள்ளை படித்திருந்தால் பணம், படிக்காவிட்டால் பணம் இல்லை.

கணக்கு இப்படிப் போகும். வருகைக்காக ஒரு பிள்ளைக்கு 4 ஷில்லிங். பரீட்சைக்காக 8 ஷில்லிங். அதற்கும் 200 தடவைக்கு மேல் வருகை இருக்க வேண்டும். இந்த 8 ஷில்லிங் வாசிப்பு, எழுத்து, கணக்கு என்ற மூன்றுக்கும் சமமாகப் பிரியும். ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு (ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்). மூன்றிலும் தவறினால் எட்டும் போய்விடும். அப்புறம், முன்பெல்லாம் சான்றிதழ் பெற்ற ஆசிரியருக்கு அரசிடமிருந்து நேரடியாக ஒரு தொகை வந்துகொண்டிருந்தது. அது நின்றுபோய், எல்லாப் பணமும் நிர்வாகிகள் கைக்குப் போனது. ஆசிரியரின் சம்பளம் அடுத்த வருடம் என்னவாகும் என்பது ஏழு வயதுப் பிள்ளை ஒன்று இன்ஸ்பெக்டர் முன்னால் தடுமாறாமல் வாசிப்பதைப் பொறுத்ததாயிற்று.

பரீட்சைக்கு ஆறு ‘ஸ்டாண்டர்டு’கள், அதாவது படிநிலைகள். முதலாவதில் ஓரசைச் சொற்களால் ஆன சின்னக் கதையை வாசிக்க வேண்டும், 20 வரை எண்களை எழுத வேண்டும். ஆறாவதில் செய்தித்தாளிலிருந்து ஒரு சிறு பத்தியை வாசிக்க வேண்டும், இன்னொரு பத்தியைச் சொல்லச் சொல்ல எழுத வேண்டும்.

பிள்ளை படிச்சா பணம். கேட்க நியாயமாத்தானே இருக்கு, இதுல என்ன தப்பு?

இந்தக் கேள்வியை இன்றும் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். அர்னால்டின் பதில், மானியம் எதற்காக என்பதிலிருந்து தொடங்குகிறது. அரசு ஒரு பள்ளியை ஆதரிப்பது அந்தப் பள்ளி முழுவதற்காக: அங்கே இருக்கும் ஒழுங்கு, ஆசிரியரின் குணம், பிள்ளைகள் கேள்வி கேட்கும் துணிச்சல், பாடப்புத்தகத்துக்கு வெளியே கிடைக்கும் பூகோளம், சரித்திரம், பாட்டு. புதிய விதி இவை எதற்கும் ஒரு பென்னிகூடத் தரவில்லை. பணம் வராத பாடங்கள் பள்ளிகளில் ஒதுங்கத் தொடங்கின.

அடுத்தது, அவர் பள்ளிகளில் கண்ணால் கண்டது. பரீட்சைக்கு வரும் வாசகப் புத்தகம் எது என்று ஆசிரியருக்குத் தெரியும். வருடம் முழுக்க அந்த ஒரே புத்தகத்தை வைத்து ஓட்டினால், பிள்ளைக்கு அது முழுதும் மனப்பாடம் ஆகிவிடும். இன்ஸ்பெக்டர் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கடகடவென்று ஒப்பிக்கும். பரீட்சை பாஸ். பார்த்திராத வேறொரு புத்தகத்தைக் கையில் கொடுத்தால் ஒரு வரி ஓடாது. வாசிக்கத் தெரியாமலேயே வாசிப்பில் தேற முடியும், கணக்குத் தெரியாமலேயே கணக்கில் தேற முடியும் என்பதை 1860-களின் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப எழுதினார். பள்ளிகளின் அறிவுத் துடிப்பு மங்கிவிட்டது என்று 1867 அறிக்கையில் சொல்கிறார்.

மூன்றாவது, இன்ஸ்பெக்டருக்கு நேர்ந்த மாற்றம். முன்பு வகுப்பில் உட்கார்ந்து பாடத்தைக் கவனிப்பார், ஆசிரியரோடு பேசுவார், யோசனை சொல்வார். இப்போது பெயரைக் கூப்பிடு, வாசிக்கச் சொல், குறி போடு, அடுத்த பெயர். ஆசிரியருக்கு அவர் வழிகாட்டியாக இருந்தது போய், பணத்தை வெட்ட வரும் ஆளாகிவிட்டார். எனக்கு இதுதான் மிகப் பெரிய இழப்பாகத் தெரிகிறது. பாஸ் விகிதத்தைத் திருத்திவிடலாம். ஒளித்து வைக்கப் பழகிய ஆசிரியரை மறுபடி மனம்விட்டுப் பேச வைப்பது எளிதல்ல.

அரசாங்க வேலையில இருந்துக்கிட்டே எதிர்த்து எழுதினாரா? சும்மா விட்டாங்களா?

எழுதினார். விதித்தொகுப்பு நாடாளுமன்றத்தில் விவாதத்தில் இருந்த 1862 மார்ச்சிலேயே ‘ஃப்ரேசர்ஸ் மேகசின்’ இதழில் ‘தி ட்வைஸ்-ரிவைஸ்டு கோட்’ என்ற நீண்ட கட்டுரை வந்தது. வேலை போகும் ஆபத்து அவருக்குத் தெரியும். போனாலும் எப்படியாவது காலூன்றிக்கொள்வோம் என்று வீட்டுக்கு எழுதினார். வேலை போகவில்லை.

லோவின் பதவிதான் போனது, வேறொரு காரணத்தால். இன்ஸ்பெக்டர்களின் அறிக்கைகளில் பிடிக்காத பகுதிகளை அலுவலகம் வெட்டிவிடுகிறது என்ற குற்றச்சாட்டு 1864-இல் நாடாளுமன்றத்தில் வெடித்து, கண்டனத் தீர்மானம் நிறைவேறியது. லோ பதவி விலகினார். பிறகு நடந்த விசாரணைக்குப் பின் அந்தக் கண்டனத் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. விதித்தொகுப்பு மட்டும் அசையாமல் இருந்தது.

கல்வி வரலாறும் எழுதியிருக்காராமே. எந்தப் புத்தகம்?

முக்கியமானது 1861-இல் வந்த ‘தி பாப்புலர் எஜுகேஷன் ஆஃப் ஃப்ரான்ஸ்’. இங்கிலாந்தின் தொடக்கக் கல்வியை ஆராய்ந்த நியூகாசில் ஆணையம் 1859-இல் அவரை ஃப்ரான்ஸ், ஹாலந்து, ஃப்ரெஞ்சு மொழி பேசும் சுவிட்சர்லாந்து ஆகிய இடங்களுக்கு அனுப்பியது. திரும்பி வந்து எழுதிய அறிக்கைதான் புத்தகமானது. பள்ளிகளைச் சுற்றிப் பார்த்த விவரத்தோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஃப்ரெஞ்சுப் புரட்சிக்கு முன்னால் ஏழைகளின் படிப்பு யார் கையில் இருந்தது, புரட்சிக்காரர்கள் காகிதத்தில் போட்ட திட்டங்கள் ஏன் பள்ளிகளாக மாறவில்லை, நெப்போலியன் எதைக் கவனித்தார், எதை விட்டார் என்று படிப்படியாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். கல்வி அமைச்சர் கிஸோ 1833-இல் கொண்டுவந்த சட்டத்தில்தான் கதை திரும்புகிறது. ஒவ்வொரு கம்யூனுக்கும் (நம் ஊராட்சி மாதிரி) ஒரு தொடக்கப் பள்ளி, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி. அந்தப் பயணத்தில் கிஸோவையே நேரில் சந்தித்தார்.

1865-இல் இன்னொரு ஆணையத்துக்காக ஃப்ரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து சென்றார். 1868-இல் ‘ஸ்கூல்ஸ் அண்ட் யுனிவர்சிட்டீஸ் ஆன் தி கான்டினென்ட்’ வந்தது. ஓய்வுக்குப் பிறகு, விக்டோரியா ஆட்சியின் 50 ஆண்டுகளைப் பற்றி 1887-இல் வெளியான தொகுப்பில் ‘ஸ்கூல்ஸ்’ என்ற பகுதியை எழுதினார். அது தன் சொந்த நாட்டின் கல்வி வரலாறு, அதில் 35 வருடம் உள்ளே இருந்த ஒருவர் எழுதியது.

அதெல்லாம் அரசாங்க ரிப்போர்ட்தானே? அவரை வரலாற்றாசிரியர்னு சொல்லலாமா?

பழைய ஆவணக் கட்டுகளில் உட்கார்ந்து தேடிய வரலாற்றாசிரியர் இல்லை அவர். அச்சான சட்டங்கள், புள்ளிவிவரங்கள், அதிகாரிகளோடு பேச்சு, நேரில் பார்த்த வகுப்பறைகள் இவற்றை வைத்து எழுதினார். ஒரு வாதத்துக்காகவும் எழுதினார்: இங்கிலாந்து அரசு பள்ளிகளின் பொறுப்பைத் தானே ஏற்க வேண்டும், குறிப்பாக நடுத்தர வர்க்கத்தின் உயர்நிலைக் கல்வியை. அதனால் ஃப்ரான்சின் மையப்படுத்திய ஏற்பாட்டில் இருந்த கெடுபிடியை அவர் கொஞ்சம் மென்மையாகவே பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

ஆனாலும் அந்த நூல்களை வரலாறு என்றுதான் சொல்வேன். ஒரு பள்ளி இன்று இப்படி இருப்பதற்கு ஐம்பது வருடத்துக்கு முன்னால் எடுத்த முடிவு காரணம் என்று காட்டுகிறார். ஓர் இன்ஸ்பெக்டர் தான் பார்க்கும் வகுப்பறைக்குப் பின்னால் இருக்கும் காலத்தையும் பார்க்கிறார் என்பது சாதாரண விஷயம் இல்லை.

இந்தியாவோட ஏதாவது தொடர்பு உண்டா?

நேரடியாக வந்ததில்லை. தம்பி வில்லியம் டெலஃபீல்டு அர்னால்டு பஞ்சாபில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்தார். உடல்நலம் கெட்டு ஊர் திரும்பும் வழியில், 1859-இல் ஜிப்ரால்டரில் இறந்தார். மேலே சொன்ன ஃப்ரான்ஸ் பயணத்தின் நடுவில்தான் அண்ணனுக்குச் செய்தி வந்தது. ‘எ சதர்ன் நைட்’ அந்தத் தம்பிக்காக எழுதிய இரங்கல் கவிதை. தாயையும் ஏற்கெனவே இழந்திருந்த தம்பியின் குழந்தைகளை எடுத்து வளர்த்தவர்கள் அக்கா ஜேனும் அவர் கணவர் டபிள்யூ. ஈ. ஃபார்ஸ்டரும். 1870 கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்த அதே ஃபார்ஸ்டர். இன்னொரு தம்பி தாமஸ், டாஸ்மேனியாவில் பள்ளி இன்ஸ்பெக்டர்.

மறைமுகத் தொடர்பு நமக்கு இன்னும் நெருக்கமானது. தேர்வு முடிவைப் பார்த்து மானியம் கொடுக்கும் முறை 1860-களிலேயே சென்னை மாகாணத்துக்கும் வந்துவிட்டது. ‘இன்ஸ்பெக்டர் வர்றார்’ என்றதும் பள்ளிக்கூடமே நடுங்கிய பழைய கதைகளைக் கேட்டிருப்பீர்கள். அந்த நடுக்கத்தில் ஒரு பங்கு இந்த மானியக் கணக்கிலிருந்து வந்தது.

இந்த வேலைதான் அவருக்குள்ள இருந்த கவிஞனைக் கொன்னுடுச்சுன்னு எங்க சார் சொன்னாரே?

பரவலான கருத்துதான். 1867-க்குப் பிறகு அவர் எழுதிய கவிதைகள் மிகக் குறைவு. வேலைக் களைப்பைப் பற்றிக் கடிதங்களில் நிறையப் புலம்பவும் செய்கிறார். ஆனால் அவருடைய புகழ்பெற்ற கவிதை ‘தி ஸ்காலர் ஜிப்ஸி’ 1853-இல் வந்தது. அப்போது அவருடைய வட்டாரம் மிகப் பெரிதாக இருந்த காலம். 1871-க்குப் பிறகு வட்டாரம் சுருங்கியும் கவிதை திரும்பி வரவில்லை. வேலை ஒரு காரணமாக இருக்கலாம், ஒரே காரணமாக இருக்க முடியாது. உரைநடையில் சொல்ல வேண்டியது அவருக்குப் பெருகிவிட்டது என்பதே என் அபிப்பிராயம்.

அந்த முறையைக் குறை சொல்லிக்கிட்டே 24 வருஷம் அதே பரீட்சையை நடத்தினாரே. அது இரட்டை வேஷம் இல்லையா?

கூர்மையான கேள்வி. 1862-க்குப் பிறகு அவர் போட்ட ஒவ்வொரு குறியும் ஏதோ ஒரு பள்ளிக்குப் பணத்தை வெட்டியிருக்கும். ராஜினாமா செய்திருந்தால் கை சுத்தமாக இருந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த அறிக்கைகளை வேறு யார் எழுதியிருப்பார்கள்? பிள்ளை ஒப்பிக்கிறதா, வாசிக்கிறதா என்பது பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவருக்குத்தான் தெரியும். வெளியே இருந்து எதிர்த்தவர்களை ‘உங்களுக்கு நடைமுறை தெரியாது’ என்று வாயடைக்கலாம், இவரை முடியாது. ஓய்வு பெறும் வருடம், 1886-இல், தொடக்கக் கல்வியை ஆராய்ந்த கிராஸ் ஆணையத்தின் முன் சாட்சியாக உட்கார்ந்து அதே கருத்தைச் சொன்னார். நான் அவர் பக்கம்தான்.

ஏழைங்களை மட்டமாப் பார்த்தவர்தானே இவர்? இவரைப் போய் ஏன் கொண்டாடணும்?

குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. தொழிலாளர் பிள்ளைகளை ‘நாகரிகப்படுத்துவது’ என்றே பேசினார். 1866-இல் வாக்குரிமை கேட்டு ஹைட் பார்க்கில் திரண்ட கூட்டத்தைப் பற்றி அவர் எழுதியது கடுமையானது. கலகக்காரர்களைச் சவுக்கால் அடிக்க வேண்டும் என்ற தன் தந்தையின் வாசகத்தை ‘கல்ச்சர் அண்ட் அனார்க்கி’யின் முதல் பதிப்பில் மேற்கோள் காட்டினார், பின்னால் நீக்கிவிட்டார். இதையெல்லாம் மூடி மறைத்துப் பாடம் நடத்தக் கூடாது.

அதே மனிதர், ஏழைப் பிள்ளைக்கு மூன்று பாடம் போதும் என்று அரசாங்கமே முடிவு செய்தபோது, போதாது என்று எழுத்தில் வாதாடினார். 1872-இல் பைபிளில் உள்ள ஏசாயா நூலின் பின்பாதியைப் பள்ளிப் பிள்ளைகள் ஓர் இலக்கியமாகப் படிக்கும்படி பதிப்பித்தும் கொடுத்தார். தங்கள் பிள்ளைக்குக் கிடைக்கும் கவிதையும் சரித்திரமும் கூலிக்காரன் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்று அன்றைக்குச் சொன்ன அதிகாரிகள் சிலரே.

கடைசியில அந்த முறை ஒழிஞ்சுதா? அதைப் பார்க்க அவர் இருந்தாரா?

இல்லை. 1888 ஏப்ரல் 15-இல், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் மகளை அழைக்க லிவர்பூலுக்குப் போன இடத்தில் மாரடைப்பால் இறந்தார். தேர்வு மானியத்தின் பெரும்பகுதி 1890-இல் கைவிடப்பட்டது. மிச்சமும் அந்தப் பத்தாண்டுக்குள் போயிற்று. 1911-இல் எட்மண்ட் ஹோம்ஸ் என்ற முன்னாள் தலைமை இன்ஸ்பெக்டர், அந்த முறை பள்ளிகளில் விட்டுச்சென்ற கேட்டைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். முறை ஒழிந்த பிறகும் ஆசிரியர்களின் பழக்கம் ஒழியவில்லை என்பது அவர் கண்டது.

நேரா அவர் எழுதினதைப் படிக்கணும்னா எதுல ஆரம்பிக்கலாம்?

இறந்த மறுவருடம் அவருடைய பள்ளி அறிக்கைகள் 1852 முதல் 1882 வரை தொகுக்கப்பட்டு வெளிவந்தன. பி.எட். மாணவர்கள் அதில் 1867 அறிக்கையை முதலில் படியுங்கள். பிறகு பின்னோக்கி 1852-க்குப் போங்கள். இலக்கிய மாணவர்கள் ஃப்ரான்ஸ் நூலின் முன்னுரையில் தொடங்கலாம். அதை அவரே பின்னால் ‘டெமாக்ரசி’ என்ற தலைப்பில் தனிக் கட்டுரையாக வெளியிட்டார். அதற்கு அடுத்ததாக ‘கல்ச்சர் அண்ட் அனார்க்கி’யை எடுத்தால், அரசு, பண்பாடு என்று அவர் பேசும் இடங்களில் எந்த வகுப்பறைகளை நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்பது பிடிபடும்.